குமரி மழைக் கணக்கில் புள்ளியியல் பழக: லிப்ரே ஆபிஸ் கால்க், ஜமோவி எப்படி?

பி.காம், பி.பி.ஏ, உளவியல், சமூகப்பணி என்று எதைப் படித்தாலும் ஏதாவது ஒரு பருவத்தில் புள்ளியியல் தாள் வந்துவிடும். தேர்வுக்குக் கால்குலேட்டரில் தட்டிப் பழகியவர்கள், புராஜெக்ட் என்று வந்ததும் "எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" என்று தேடுகிறார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இந்தத் தேடலில் இருப்பவர்களுக்குத்தான் இந்த மதிப்பீடு. பார்க்கப்போவது இரண்டு இலவச மென்பொருள்கள்: எக்செல் போன்ற விரிதாளான லிப்ரே ஆபிஸ் கால்க், புள்ளியியலுக்கென்றே உள்ள ஜமோவி. எக்செல்லைப் பற்றியும் இடையில் கொஞ்சம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கால்க்கில் தொடங்குங்கள். சராசரி, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கிற எண்), கால்மானம் (கால் பங்கு, முக்கால் பங்கு எல்லைகளில் நிற்கிற எண்கள்), திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) நான்கும் எங்கிருந்து வருகின்றன என்று கைக்குப் பிடிபட்ட பிறகு ஜமோவிக்குப் போங்கள். ஜமோவி அழகாக இருக்கிறது, வேகமாக இருக்கிறது. ஆனால் அதில் தொடங்குகிற மாணவர் அட்டவணையை அப்படியே ஒட்டிவிட்டு, "இந்த 4.6 எப்படி வந்தது?" என்று வைவாவில் கேட்டால் முழிப்பார்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கால்க் முற்றிலும் புதியதும் அல்ல. பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் ஓப்பன் ஆபிஸ் கால்க் தனி இயலாகவே இருக்கிறது. 2010-இல் அந்த ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்ததுதான் லிப்ரே ஆபிஸ். மெனு, சூத்திரம், வரைபடம் எல்லாம் பெரும்பாலும் அதே சாயல். 4 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

சோதனைக்கு எதை எடுக்கலாம்? பாடநூலில் வரும் "50 மாணவர்களின் மதிப்பெண்" வேண்டாம். இங்கே மழைக்காலத்தில் தினமும் காலையில் நாளிதழில் ஒரு பட்டியல் வருகிறது: பாலமோர், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சுருளோடு, பூதப்பாண்டி, கன்னிமார், நாகர்கோவில், மயிலாடி, கொட்டாரம், குளச்சல், இரணியல், தக்கலை, குழித்துறை என்று இடத்துக்கு இடம் எத்தனை மில்லிமீட்டர் என்று. விவரணைப் புள்ளியியல் பழக இதைவிட நல்ல தரவு கிடைப்பது அரிது. மலையோரத்தில் கொட்டும், கடலோரத்தில் தூறும். ஒரே நாள், ஒரே மாவட்டம், ஆனால் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. சராசரி எங்கே நம்மைக் கைவிடுகிறது என்பதை இதில் கண்ணாலேயே பார்க்கலாம்.

கீழே வருகிற 15 எண்கள் பயிற்சிக்காகப் போட்டவை. எந்த நாளிலும் பதிவான அளவு அல்ல. ஏ நெடுவரிசையில் இடத்தின் பெயர், பி நெடுவரிசையில் மழை, பி2 முதல் பி16 வரை:

0, 2.4, 3, 4.2, 5, 5.6, 6.2, 7, 8.4, 9, 10.2, 12.6, 18, 31.4, 62

ஆவரேஜ் சூத்திரம் 12.33 தருகிறது. மீடியன், அதாவது இடைநிலை, 7 தருகிறது. 15 இடங்களில் 11 இடங்கள் சராசரிக்குக் கீழே கிடக்கின்றன. "மாவட்டத்தில் சராசரியாக 12 மி.மீ மழை" என்று எழுதினால் கணக்கு சரி. ஆனால் அந்த அளவு மழை பெய்த இடமாக 12.6 என்ற ஒன்றை மட்டுமே காட்ட முடியும். திட்ட விலக்கம் 15.73, அதாவது சராசரியைவிடப் பெரிது. சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்தைக் கழித்துப் பாருங்கள், மைனஸ் 3.4 வரும். மைனஸில் மழை பெய்யாது. "சராசரி கூட்டல் கழித்தல் திட்ட விலக்கம்" என்று பழக்கதோஷத்தில் எழுதுகிறவர்கள் இந்த ஒரு கழித்தலைச் செய்து பார்த்தாலே போதும், இந்தத் தரவுக்கு இடைநிலையும் கால்மானமும்தான் பொருத்தம் என்று தெரிந்துவிடும்.

கால்க்கில் இதையெல்லாம் ஒரே அடியில் எடுக்க டேட்டா, அதில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதில் டிஸ்கிரிப்டிவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். இன்புட் ரேஞ்சில் பி2 முதல் பி16 வரை, ரிசல்ட்ஸ் டு என்ற இடத்தில் ஒரு காலி செல், பிறகு ஓகே. சராசரி, திட்டப் பிழை, முகடு, இடைநிலை, முதல் கால்மானம், மூன்றாம் கால்மானம், மாறுபாடு, திட்ட விலக்கம், கோட்டம், வீச்சு, சிறுமம், பெருமம், கூடுதல், எண்ணிக்கை எல்லாம் வரிசையாக வந்து விழும். முகடு இருக்கிற செல்லில் பிழைச் செய்தி வரும். பயப்பட வேண்டாம். 15 எண்களில் ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை, அதனால் முகடு இல்லை. மழை மாதிரித் தொடர் அளவுகளுக்கு முகடு தேடுவதே வீண் வேலை.

படிக்கிறவர்களுக்குக் கால்க்கைப் பரிந்துரைப்பதற்கான முதல் காரணம் இந்த அட்டவணையில்தான் இருக்கிறது. அதில் எந்த எண்ணைத் தொட்டாலும் மேலே சூத்திரம் தெரியும். மழை எண்ணை மாற்றினால் முடிவும் உடனே மாறும். எக்செல்லின் டேட்டா அனாலிசிஸ் கருவி அப்படியல்ல. அது வெறும் எண்ணை அச்சடித்துவிட்டுப் போய்விடும். தரவைத் திருத்தினாலும் பழைய விடை அப்படியே நிற்கும், கால்மானமும் அதில் வராது. போதாக்குறைக்கு ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய் அனாலிசிஸ் டூல்பேக்குக்கு டிக் போட்டால்தான் அந்தக் கருவியே தெரியும்.

கால்க் பக்கம் ஒரு குறை: தலைப்பு வரியைச் சேர்த்துக் கொடுத்தாலும் உங்கள் தலைப்பு வராது, "காலம் 1", அதாவது நெடுவரிசை 1, என்றுதான் ஆங்கிலத்தில் வரும். நான்கு நெடுவரிசைகளை ஒன்றாகக் கொடுத்தால் எது எது என்று நீங்களேதான் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். எண் போலத் தெரிகிற எழுத்து. கடைசி செல்லில் 62 என்பதற்குப் பதிலாக "62 மி.மீ" என்று தட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளிதழிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ நகலெடுத்து ஒட்டினாலும் இப்படித்தான் வரும். கால்க்குக்கு அது எண் அல்ல, எழுத்து. ஆவரேஜ் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மீதி 14 எண்களுக்குக் கணக்குப் போடும். 12.33 என்று வர வேண்டிய சராசரி 8.79 ஆகிவிடும். எச்சரிக்கை வராது, சிவப்புக் கோடு வராது. அன்று அதிகம் மழை பெய்த இடமே கணக்கில் இருக்காது.

இதைப் பிடிக்க இரண்டு வழி. கவுன்ட் சூத்திரம் எண்களை மட்டும் எண்ணும், கவுன்ட்-ஏ காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். 14, 15 என்று வேறுபட்டால் எங்கோ எழுத்து ஒளிந்திருக்கிறது. இன்னும் வேகமான வழி கன்ட்ரோல் + எஃப்8. வியூ மெனுவில் வேல்யூ ஹைலைட்டிங் என்று இருக்கும். அழுத்தியதும் எண்கள் நீலம், சூத்திரங்கள் பச்சை, எழுத்துகள் கறுப்பு. நீல வரிசைக்கு நடுவே ஒற்றைக் கறுப்பு செல் உடனே கண்ணில் குத்தும். தரவு தட்டி முடித்ததும் முதல் வேலையாக இதைச் செய்யப் பழகுங்கள். சேமிக்கும் முன் மறுபடி அழுத்தினால் நிறம் போய்விடும்.

அலகை செல்லுக்குள் எழுதாதீர்கள், தலைப்பில் எழுதுங்கள்: "மழை, மி.மீ". வானிலை அறிக்கைகளில் சில சமயம் செ.மீ என்று வரும். 6 செ.மீ என்பதை 6 என்று மி.மீ வரிசையில் போட்டால் அது எண்ணாகவே இருக்கும். நீல நிறமும் காப்பாற்றாது.

மழை இல்லாத இடத்தையும் அளவு வராத இடத்தையும் பிரித்துப் பாருங்கள். மழை இல்லையென்றால் 0. அளவு கிடைக்கவில்லையென்றால் செல்லைக் காலியாக விடுங்கள். நம் பட்டியலில் அந்த 0-வை அழித்துக் காலியாக்கினால் சராசரி 13.21 ஆகிவிடும். காலி இடத்தில் கோடு போடுகிற பழக்கமும் வேண்டாம். ஆவரேஜ் அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளாது, ஆனால் ஆவரேஜ்-ஏ அதை 0 என்று எடுத்துக்கொள்ளும்.

தேதியில் வருகிற சிக்கல் குமரிக்காரர்களுக்குக் கூடுதல் ஆபத்து. கணினியின் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால், நவம்பர் 6 என்று நினைத்து நீங்கள் தட்டுகிற 06/11-ஐ அது ஜூன் 11 என்று எடுத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையை மட்டுமே பெரிதாக நம்பியிருக்கிற மாவட்டமாக இருந்தால் ஜூனில் பெருமழை என்றதும் சந்தேகம் வரும். இங்கே ஜூனில் தென்மேற்கும் பெய்யும், நவம்பரில் வடகிழக்கும் பெய்யும். தப்பான தேதியும் இயல்பாகவே தெரியும். மாதவாரி வரைபடமே தலைகீழாகிப் போனாலும் யாருக்கும் உறுத்தாது. டூல்ஸ், ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் லோக்கேலை இங்கிலிஷ் (இந்தியா) என்று மாற்றுங்கள். காற்புள்ளியால் பிரித்து வைக்கிற சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போது வருகிற பெட்டியில் தேதி நெடுவரிசையைத் தொட்டு டேட் (டிஎம்ஒய்) என்று தேர்ந்தெடுங்கள். அதே பெட்டியில் கேரக்டர் செட் என்ற இடத்தில் யூனிகோட் (யுடிஎஃப்-8) இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் "பேச்சிப்பாறை" குப்பை எழுத்தாக வரும். எக்செல்லில் சிஎஸ்வியை இரட்டை கிளிக்கில் திறந்தால் தமிழ் அடிக்கடி இப்படித்தான் உடைகிறது. அங்கே டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்பாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மறு வேலை.

கால்மானத்துக்கு வருவோம். குவார்ட்டைல்-இன்க் கொடுத்தால் முதல் கால்மானம் 4.6, மூன்றாவது 11.4. குவார்ட்டைல்-எக்ஸ்க் கொடுத்தால் 4.2, 12.6. இரண்டும் தப்பில்லை. இன்க் முறையில் இடம் எண்ணிக்கையில் ஒன்று கழித்துக் கணக்கிடப்படுகிறது: 14-இல் கால் 3.5, அதோடு 1 சேர்த்தால் 4.5-ஆவது இடம், அதாவது 4.2-க்கும் 5-க்கும் நடுவில். எக்ஸ்க் முறையில் ஒன்று கூட்டி: 16-இல் கால் 4, நேராக நான்காவது எண். பள்ளிப் பாடத்தில் வருகிற "என் பிளஸ் ஒன் பை நான்கு" இந்த இரண்டாவது முறைதான். கையால் போட்ட விடையும் கணினி விடையும் ஒத்துவரவில்லை என்று மாணவர்கள் குழம்புவதற்கு இதுவே காரணம். டிஸ்கிரிப்டிவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அட்டவணை இன்க் முறையைத்தான் பயன்படுத்துகிறது. எந்த முறை என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். திட்ட விலக்கத்திலும் இதே கதைதான்: ஸ்டிடெவ்-எஸ் 15.73 தரும், ஸ்டிடெவ்-பி 15.19 தரும். மாதிரிக்கு முன்னது, முழுத் தொகுதிக்குப் பின்னது.

வரைபடத்தில் கால்க் கொஞ்சம் உழைக்க வைக்கிறது. ஹிஸ்டோகிராமுக்கு வழக்கமான வழி ஃப்ரீக்வென்சி சூத்திரம். டி நெடுவரிசையில் பிரிவுகளின் மேல் எல்லைகளைத் தட்டுங்கள்: 10, 20, 30, 40, 50, 60. பக்கத்தில் ஏழு செல்களைத் தேர்ந்தெடுத்து, முதலில் தரவு, அடுத்து எல்லைகள் என்று சூத்திரம் எழுதி, வெறும் என்டர் அல்ல, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + என்டர் அழுத்துங்கள். 10, 3, 0, 1, 0, 0, 1 என்று வரும். எல்லைகள் ஆறு, விடைகள் ஏழு. கடைசி விடை 60-க்கு மேல் உள்ளவற்றின் எண்ணிக்கை. எல்லைகள் ஆறுதானே என்று விடைக்கும் ஆறு செல்களை மட்டும் எடுத்தால் அந்த 62 படத்திலேயே இருக்காது. விடைகளைக் கூட்டினால் 15 வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லையில் சரியாக நிற்கிற எண் கீழ்ப்பிரிவில்தான் சேரும் என்பதும் நினைவிருக்கட்டும். 5 வித்தியாசத்தில் எல்லை போட்டால் நம் பட்டியலில் உள்ள 5, முதல் பிரிவில் விழும். பாடநூலின் விலக்கு முறைப் பிரிவு இடைவெளியில் அது இரண்டாவது பிரிவுக்குப் போயிருக்கும்.

பிறகு இன்செர்ட், சார்ட், காலம் (தூண் வரைபடம்). தூண்களை வலது கிளிக் செய்து ஃபார்மட் டேட்டா சீரிஸ், ஆப்ஷன்ஸில் ஸ்பேசிங்கை 0 ஆக்குங்கள். தூண்கள் ஒட்டி நின்றால்தான் அது ஹிஸ்டோகிராம், இடைவெளி விட்டால் பட்டை வரைபடம். பிரிவு அகலத்தை 20 ஆக்கிப் பாருங்கள்: 13, 1, 0, 1. ஒரு பெரிய தூண், அதோடு சரி. 5 ஆக்கினால் முதல் 10 மி.மீ-க்குள்ளேயே ஐந்தும் ஐந்துமாக இரண்டு தூண்கள் பிரியும். ஒரே தரவு மூன்று முகம் காட்டுவதை இப்படிக் கையால் மாற்றிப் பார்ப்பது நல்ல பாடம். ஜமோவி பிரிவு அகலத்தைத் தானே முடிவு செய்து வரைந்துவிடுகிறது, அந்த முடிவு எடுக்கப்பட்டதே மாணவருக்குத் தெரிவதில்லை.

கால்மானங்களுக்கு நடுவே உள்ளதைப் பெட்டியாகவும் அதற்கு வெளியே உள்ளதை மீசைக் கோடுகளாகவும் காட்டுகிற பெட்டிப்படம் கால்க்கில் நேரடியாக இல்லை. எக்செல்லில் 2016 பதிப்பிலிருந்து இருக்கிறது. கால்க்கில் ஸ்டாக் சார்ட்டைக் கொண்டு சமாளிக்கச் சொல்பவர்கள் உண்டு. அதில் இடைநிலைக் கோடு வராது, எனவே வேண்டாம். அடுக்குத் தூண் முறை மேல்: அடியில் 4.6, அதற்கு நிறம் நீக்கம். அதன்மேல் 2.4, அதாவது 7-இலிருந்து 4.6-ஐக் கழித்தது. அதன்மேல் 4.4, அதாவது 11.4-இலிருந்து 7-ஐக் கழித்தது. மீசைகளுக்கு ஒய் எரர் பார், கீழே 4.6, மேலே 6.6. மேல் மீசை ஏன் 62 வரை போகவில்லை என்றால், கால்மான இடைவெளி 6.8-ஐ (11.4-இலிருந்து 4.6-ஐக் கழித்தது) ஒன்றரை மடங்காக்கி 11.4-உடன் சேர்த்தால் 21.6. அதற்குள் இருக்கிற பெரிய எண் 18. அதைத் தாண்டிய 31.4-உம் 62-உம் தனிப் புள்ளிகள். இந்த ஒன்றரை மடங்கு விதி ஜான் டுக்கி தந்தது. ஒருமுறையாவது இப்படிக் கையால் கட்டிப் பார்த்தவர்களுக்குப் பெட்டிப்படம் பிறகு மறக்காது.

அந்த இரண்டு புள்ளிகளை அழித்துவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. பாலமோர் மாதிரி மலையோர இடத்தில் 62 மி.மீ என்பது தட்டச்சுப் பிழை அல்ல, அந்த மண்ணின் இயல்பு. 620 என்று இருந்தால் பத்திரிகைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புள்ளி ஒன்று விடுபட்டு 62.0 என்பது 620 ஆனால் சராசரி 49.53 ஆகிவிடும். இடைநிலை அசையாமல் 7-லேயே நிற்கும்.

இனி ஜமோவி. ஆர் மொழியின் மேல் கட்டிய இலவச மென்பொருள், ஆனால் ஆர் தெரிய வேண்டியதில்லை. சிஎஸ்வியைத் திறந்து, அனாலிசிஸ், எக்ஸ்ப்ளோரேஷன், டிஸ்கிரிப்டிவ்ஸ். மழையை வேரியபிள்ஸ் பெட்டிக்குள் தள்ளுங்கள். "பகுதி" என்று ஒரு நெடுவரிசை வைத்து மலையோரம், சமவெளி, கடலோரம் என்று எழுதியிருந்தால் அதை ஸ்பிளிட் பையில் போடுங்கள். கால்க்கில் அரை மணி நேரம் எடுக்கிற வேலை இரண்டே கிளிக்கில் முடியும்: மூன்று பகுதிக்கும் தனித்தனி அட்டவணை, கீழே மூன்று பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில். குழுக்களை ஒப்பிட இதற்கு இணை இல்லை. பிளாட்ஸ் பகுதியில் பாக்ஸ் பிளாட்டோடு டேட்டா என்பதற்கும் டிக் போடுங்கள். பகுதிக்கு ஐந்து இடங்கள்தான் இருக்கும்போது வெறும் பெட்டி மட்டும் காட்டுவது தரவு அதிகம் இருப்பதுபோல ஒரு தோற்றத்தைத் தரும். புள்ளிகளும் சேர்ந்து தெரிவதே நேர்மை.

நெடுவரிசைத் தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் படத்தைக் கவனியுங்கள். மழை கன்டின்யூவஸ் என்று இருக்க வேண்டும். ஒரே ஒரு கோடோ "மி.மீ"யோ உள்ளே இருந்தால் ஜமோவி முழு நெடுவரிசையையும் எழுத்து வகையாக்கிவிடும், சராசரி வராது. கால்க் மறைக்கிற பிழையை ஜமோவி இப்படி முகத்துக்கு நேரே காட்டுகிறது. இந்த ஒரு விஷயத்தில் ஜமோவிதான் நல்ல வாத்தியார். படத்தை வலது கிளிக் செய்து பிஎன்ஜி, பிடிஎஃப், எஸ்விஜி எதிலும் எடுக்கலாம்.

கடைசியாக இரண்டு வரைபடத் தவறுகள், எந்த மென்பொருளானாலும். பேச்சிப்பாறை அணை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு அணைகள் 18 அடி. இரண்டு பெரிய அணைகளிலும் 40 அடி நீர் என்றால் தூண்கள் ஒரே உயரத்தில் நிற்கும். உண்மையில் ஒன்று 83.3 சதவீதம், மற்றது 51.9 சதவீதம். அடியை வரையாமல் சதவீதத்தை வரையுங்கள். அதுவும் உயரச் சதவீதம்தான், நீரின் கொள்ளளவு அல்ல. அணை மேலே போகப் போக விரிவதால் இரண்டும் ஒன்றாகாது.

இன்னொன்று ஒய் அச்சு. 2011 கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 80.09. தூண் வரைபடத்தில் அச்சை 75-இலிருந்து தொடங்கினால் நம் தூண் மாநிலத் தூணைவிட மூன்று மடங்குக்கு மேல் உயரமாகத் தெரியும். பெருமையாகத்தான் இருக்கும், ஆனால் உண்மை வித்தியாசம் 11.66 சதவீதப் புள்ளி. அச்சை வலது கிளிக் செய்து ஃபார்மட் ஆக்சிஸ், ஸ்கேலில் மினிமத்துக்கு எதிரே உள்ள ஆட்டோமேட்டிக் டிக்கை எடுத்துவிட்டு 0 என்று தட்டுங்கள்.

சேமிக்கும்போது கால்க் கோப்பை ஓடிஎஸ் ஆகவே வைத்துக்கொண்டு, ஜமோவிக்குக் கொடுக்க மட்டும் தனியாக ஒரு சிஎஸ்வி எடுங்கள். சிஎஸ்வியில் அப்போது திறந்திருக்கிற ஒரு தாள் மட்டும்தான் போகும். சூத்திரமும் வரைபடமும் போகாது.